பாடப் பெட்டியை வாங்கும் முன் கடைசித் தேர்வைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், இவர் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். மகளுக்கு 15 வயது, படிவம் 3 (இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு). மகனுக்கு 13. தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்தவன், படிவம் 1க்குப் போனதிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது, காலையில் வயிறு வலிக்கிறது என்கிறான், கணிதத்தில்கூட 18 மார்க் வாங்கியிருக்கிறான். "இரண்டு பிள்ளைகளையும் வீட்டில் வைத்தே படிக்க வைக்கலாமா என்று யோசிக்கிறோம். ஒருவர் வீட்டுக்கு வந்து அமெரிக்கப் பாடத்திட்டம் ஒன்றைக் காட்டினார். இரண்டு பேருக்கும் சேர்த்து வருடத்துக்கு 4,800 வெள்ளி (ரிங்கிட்). புத்தகம், கணினிப் பாடம் எல்லாம் அதிலேயே இருக்கிறது, ஆங்கிலமும் தானாக வந்துவிடும் என்கிறார். இன்னொருவர் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற பிரிட்டிஷ் தேர்வுதான் நல்லது என்கிறார். மகள் தாதியாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். எதை வாங்கட்டும் டீச்சர்?"

சகோதரி, அந்த 4,800 வெள்ளியை இப்போதைக்கு யார் கையிலும் கொடுக்காதீர்கள். முன்பணம் கேட்டால், கல்வி இலாகாவில் விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லுங்கள். இந்த மாதத்தோடு விலை ஏறிவிடும் என்று அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை, ஏறட்டும்.

நான் 26 ஆண்டுகள் இடைநிலைப்பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டி வருகிறேன். வீட்டில் படித்து நன்றாக வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் வீட்டுக் கல்வியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பாடத்திட்டத்தை எல்லோரும் முன்பக்கத்திலிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். அட்டை அழகாக இருக்கிறது, வீடியோ நன்றாக இருக்கிறது, பிள்ளை ஒரு வாரம் ஆசையாகப் பார்த்தான் என்று வாங்கிவிடுகிறார்கள். பின்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். 17 வயதில் இந்தப் பிள்ளையின் கையில் எந்தச் சான்றிதழ் இருக்கப்போகிறது, அதை எந்தக் கல்லூரி, எந்த வேலையிடம் வாங்கிக்கொள்ளும்? அந்தத் தேர்வை முதலில் முடிவு செய்துவிட்டால் எந்தப் புத்தகம் என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பெட்டி விற்பவர்கள் இதைப் பேசி நான் கேட்டதில்லை. 2003இலிருந்து ஆரம்பக் கல்வி ஆறு ஆண்டும் இந்நாட்டில் கட்டாயம். இடைநிலைக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால்தான் இத்தனை காலமும் பல குடும்பங்கள் ஆறாம் ஆண்டு முடிந்த கையோடு பிள்ளையை வீட்டுக்கோ ஏதாவது ஒரு சென்டருக்கோ மாற்றிக்கொண்டார்கள். ஆனால் 2025இல் இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் அப்படிச் செய்தார், ஒன்றும் ஆகவில்லை என்ற பேச்சை நம்பிப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். கோலகங்சார் மாவட்டக் கல்வி இலாகாவுக்கு நேரில் போய், மகனின் நிலைமையைச் சொல்லி, பள்ளி மாற்றத்துக்கு என்ன வழி, வீட்டில் படிப்பதற்கு என்ன வழி என்று இரண்டையும் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். மனோதத்துவ ஆலோசகரையோ அரசாங்கக் கிளினிக் மருத்துவரையோ பார்த்திருந்தால் அந்தக் கடிதத்தையும் கொண்டுபோங்கள். காலை வயிற்றுவலியை மருத்துவரிடம் காட்டுவது எப்படியும் அவசியம், அது வெறும் சாக்கு என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம்.

அப்புறம், உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பிள்ளைகள், இரண்டு வேறு வேறு பிரச்சினைகள். "இரண்டு பேருக்கும் சேர்த்து" என்ற விலைதான் உங்களை ஒரே முடிவுக்குள் தள்ளுகிறது. மகளைப் பற்றி நீங்கள் எழுதியதில் அவளுக்குப் பள்ளியில் ஒரு குறை இருப்பதாக ஒரு வரிகூட இல்லை. தம்பி வீட்டில் இருந்தால் அவளையும் வைத்துக்கொள்ளலாம் என்பது மட்டும்தான் காரணம் என்றால், தயவுசெய்து அவளைப் பள்ளியிலேயே விடுங்கள். தாதிப் பயிற்சிக்கு, படிவம் 5 முடிவில் எழுதும் அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம். முடிவைத்தான் முதலில் கேட்பார்கள். மலாய், கணிதம், அறிவியல் மூன்றிலும் கிரெடிட் (சாதாரணத் தேர்ச்சிக்கு மேலான தரம்) வேண்டும், ஆங்கிலத்தையும் விட்டுவிட முடியாது. எஸ்.பி.எம்.முக்கு இன்னும் இரண்டே வருடம் இருக்கும்போது அமெரிக்கப் பாடத்துக்கு மாறினால், அந்த இரண்டு வருடத்தில் ஒரு வருடம் புதுப் பாடத்தைப் புரிந்துகொள்வதற்கே போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது, இடம் தருவதற்குப் பார்க்கும் மெரிட் மதிப்பெண் கணக்கில் 90 விழுக்காடு படிப்புக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் போகிறது. அந்த 10 விழுக்காட்டை அவள் சீருடை இயக்கத்திலும் விளையாட்டிலும் பள்ளியில் இருந்துகொண்டே சேர்த்துவிடலாம்.

அமெரிக்கப் பெட்டியைப் பற்றி நேராகவே சொல்கிறேன். அதில் உள்ள பாடங்கள் மோசம் என்று நான் சொல்லவில்லை, சில மிக நன்றாகவே எழுதப்பட்டவை. சிக்கல் அதன் வரிசையில்தான். அங்கே உயர்நிலைக் கணிதத்தை வருடத்துக்கு ஒரு பிரிவாக வைப்பது வழக்கம். ஒரு வருடம் முழுக்க இயற்கணிதம், அடுத்த வருடம் வடிவியல், அதற்கடுத்த வருடம் மறுபடியும் இயற்கணிதம். நம் கணிதம் அப்படிப் போவதில்லை. படிவம் 1 கணிதப் புத்தகத்தில் 13 தலைப்புகள் இருக்கின்றன. விகிதம், இயற்கணிதக் கோவை, கோடும் கோணமும், கணம், தரவு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டு பித்தாகரஸ் தேற்றத்தில் முடியும், ஒவ்வொரு படிவத்திலும் அதே கிளைகள் இன்னும் கொஞ்சம் வளரும். அங்கே இரண்டு வருடம், இங்கே இரண்டு வருடம் என்று மாறி மாறிப் படிக்கும் பிள்ளைக்கு நடுவில் பெரிய ஓட்டைகள் விழும், அது தேர்வுக்கு உட்காரும் வரை யாருக்கும் தெரியாது. என்னிடம் ஒரு பையன் 16 வயதில் வந்தான், நான்கு வருடம் அமெரிக்கப் பயிற்சிப் புத்தகங்களை மட்டும் செய்தவன். காரணிப்படுத்தச் சொன்னால் மின்னல் வேகத்தில் செய்தான். வட்டத்தில் கோணம் கேட்டால் விழித்தான், மலாயில் கேள்வியை எழுதிக்காட்டினால் எது தரப்பட்டது, எது கேட்கப்பட்டது என்றே பிரிக்கத் தெரியவில்லை, வரலாறு என்ற பாடத்தை அவன் தொட்டதே இல்லை. நல்ல மூளை உள்ள பிள்ளை. எஸ்.பி.எம். எழுதி முடிக்க அவனுக்கு 19 வயது ஆகிவிட்டது. அவன் அம்மா என் முன்னால் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்களிடம் விற்க வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இதைப் படித்து முடித்தால் என் பிள்ளை எந்தத் தேர்வு எழுதுவான், அதை யார் திருத்துவார்கள்? "நாங்களே டிப்ளோமா தருவோம்" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சரி, ஐ.ஜி.சி.எஸ்.இ.? அது அப்படியல்ல. வெளியே யாரோ தாள் திருத்தும் உண்மையான தேர்வு. அதை நடத்தும் தேர்வு வாரியங்களில் கேம்பிரிட்ஜ் ஒன்று, பியர்சன் எடெக்செல் இன்னொன்று, இரண்டையும் தனியார் தேர்வாளராக எழுதலாம். ஒரே தடவையில் எல்லாப் பாடத்தையும் எழுத வேண்டும் என்றில்லை. கேம்பிரிட்ஜ் தேர்வு மே, ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் நடக்கிறது, இரண்டிரண்டு பாடமாகப் பிரித்து எழுதலாம். வீட்டில் ஆய்வுக்கூடம் இல்லாத பிள்ளைக்கு அறிவியலில் செய்முறைக்குப் பதிலாக எழுத்துத் தாள் ஒன்றும் உண்டு, அது பெரிய உதவி. நகரத்தில் வீட்டுக் கல்வி செய்பவர்கள் பலர் இதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணங்கள் நியாயமானவையே. ஆனால் உங்கள் கணக்கில் மூன்று விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடத்துக்குப் பாடம் பல நூறு வெள்ளி தேர்வுக் கட்டணம், ஆறு பாடம் என்றாலே ஆயிரக்கணக்கில் வந்துவிடும், பாடம் நடத்தும் செலவு அதற்கு மேல். வெளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் தேர்வு மையம் எது, ஈப்போவிலா, பினாங்கிலா, கோலாலம்பூரிலா என்பதைப் புத்தகம் வாங்கும் முன் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்ய வேண்டும், எல்லாப் பள்ளியும் வெளிப் பிள்ளைகளை எடுப்பதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஐ.ஜி.சி.எஸ்.இ. இருந்தாலும் அரசாங்க வேலைக்கும் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கும் எஸ்.பி.எம். மலாய் மொழியைக் கேட்பார்கள். தனியார் கல்லூரிக்கு மட்டும் பணம் கட்டக்கூடிய குடும்பத்துக்கு அது பெரிய தடை இல்லை. லோரி ஓட்டியும் ரவிக்கை தைத்தும் சேர்க்கும் பணத்தில், அரசாங்கக் கதவை நாமே மூடிவிட்டுப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மகனுக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் என் மனம் நின்றது அவனிடம்தான்.

ஆறாம் ஆண்டு வரை கணிதத்தில் நல்ல மார்க் வாங்கியவன் ஒரே வருடத்தில் 18க்கு இறங்கினால், அவன் கணிதத்தை மறந்துவிட்டான் என்று அர்த்தமில்லை. பாடம் பேசும் மொழி தமிழிலிருந்து மலாய்க்கு மாறிவிட்டது. பின்னம் என்று படித்தது ஒரே நாளில் பெச்சாஹான் ஆகிவிட்டது, தசமம் பெர்புலுஹான், கோணம் சூடுட், விழுக்காடு பெராத்துஸ். கணக்கு அதே கணக்குதான், ஆனால் கேள்விக்குள் நுழையவே வழி தெரியவில்லை. புரியாத பிள்ளை கையைத் தூக்காது, கையைத் தூக்காத பிள்ளையை ஆசிரியர் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், கடைசியில் அது வயிற்றுவலியாக வந்து நிற்கிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த எத்தனையோ பிள்ளைகளிடம் இதைப் பார்த்துவிட்டேன். அதைத் தமிழ்ப்பள்ளியின் குறை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தமிழில் புரிந்து படித்த அடித்தளம் அவனிடம் அப்படியே இருக்கிறது, அதற்கும் புது வகுப்புக்கும் நடுவே யாரும் பாலம் போட்டுக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இந்தப் பிள்ளைக்கு அமெரிக்க ஆங்கிலப் பாடத்தைக் கொடுத்தால் மூன்றாவதாக ஒரு மொழிக்குள் தூக்கிப் போட்டதாகிவிடும், மலாய் அப்படியே விழுந்தே கிடக்கும்.

ஆகவே பள்ளியில் இருந்தாலும் சரி, வீட்டில் இருந்தாலும் சரி, அவனுக்கு முதல் மூன்று மாதப் பாடத்திட்டம் ஒரே ஒரு நீளமான நோட்டுப் புத்தகம். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டு, தமிழ், மலாய், ஆங்கிலம். படிவம் 1 கணிதப் புத்தகத்தைத் திறந்து, தலைப்புக்குத் தலைப்பு வரும் சொற்களை அவனே எழுத வேண்டும், தமிழ்ச் சொல்லை அவன் ஆறாம் ஆண்டுப் புத்தகத்திலிருந்தே எடுக்கலாம். அறிவியலுக்கும் அதேபோல். அதைவிட அவசரமானவை கேள்வியில் வரும் ஏவல் சொற்கள். ஞாத்தாக்கான் என்றால் குறிப்பிடு, ஜெலாஸ்கான் என்றால் விளக்கு, பண்டிங்கான் என்றால் ஒப்பிடு, ஹித்தோங் என்றால் கணக்கிடு. குறிப்பிடு என்று கேட்டதற்கு அரைப் பக்கம் எழுதுவதும் விளக்கு என்று கேட்டதற்கு ஒரு சொல் எழுதுவதும்தான் நம் பிள்ளைகள் மார்க்கை இழக்கும் முதல் இடம். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும், நீங்கள் தைத்துக்கொண்டே கேட்கலாம், அவன் சொல்லட்டும். உங்களுக்கு மலாய் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, நோட்டு உங்கள் கையில்தானே இருக்கும்.

பணத்தை ஒரு மனிதருக்குக் கொடுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் மலாய் சொல்லிக்கொடுக்கும் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியராக இருந்தால் மிக நல்லது, மலாய்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் எஸ்.பி.எம். மலாய் மொழியில் எழுதுவதோடு பேசும் தேர்வும் கேட்கும் தேர்வும் இருக்கின்றன, புத்தகத்தை மட்டும் பார்த்து வாய் திறக்க வராது. என் அனுபவத்தில் இந்த ஒரு செலவு கொடுத்த பலனை வேறு எந்தப் பெட்டியும் கொடுத்ததில்லை.

இலாகாவில் கேட்டு, பள்ளி மாற்றமும் சரிவராமல், வீட்டில் படிக்க வழி இருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தால், பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் அதே அரசாங்கப் பாடநூலையே எடுத்துக்கொள்ளுங்கள், கடைசித் தேர்வு எஸ்.பி.எம். என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியார் தேர்வாளராகப் பதிய முடியும், இலாகாவில் சாலோன் பெர்செண்டிரியான் என்று கேட்டால் வழிமுறையைச் சொல்வார்கள். ஒரு படிவத்துக்கான புத்தகங்களும் பயிற்சி நூல்களும் அந்த 4,800 வெள்ளியில் ஒரு சிறு பகுதிக்குள் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்ற உங்கள் ஆசையையும் விட வேண்டியதில்லை. எஸ்.பி.எம். கணிதம், அறிவியல் வினாத்தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே அச்சாகின்றன, இரண்டில் எதிலும் பதில் எழுதலாம். ஆகவே கான் அகாடமி போன்ற இலவசக் கணிதப் பாடங்களைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் வரிசையை அரசாங்கப் பாடநூல் தீர்மானிக்கட்டும். புத்தகத்தில் இந்த வாரம் நேரியல் சமன்பாடு என்றால், அங்கே போய் அதை மட்டும் தேடிப் பார்க்க வேண்டும்.

நேரம்? காலையில் மூன்று மணி நேரம் உறுதியாக இருந்தால் 13 வயதுப் பிள்ளைக்குப் போதும். மலாயும் கணிதமும் தினமும், ஆங்கிலம் தினமும் ஏதாவது ஒன்றை வாசித்து நாலு வரி எழுதுவது, அறிவியலும் வரலாறும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். வரலாற்றைத் தள்ளிவைக்காதீர்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் கைவிடும் முதல் பாடம் அதுதான், ஆனால் மலாய் மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது, மற்ற பாடங்களில் எத்தனை ஏ இருந்தாலும். படிவம் 4, 5இல் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று தனித்தனியாக எடுத்தால் செய்முறைத் தேர்வு வரும், வீட்டிலிருந்து அதைச் சமாளிப்பது கடினம். இவன் பொது அறிவியலே எடுக்கட்டும். ஆய்வுக்கூடம் வேண்டும் அளவுக்கு ஆர்வம் வந்துவிட்டால் அதுவே அவன் பள்ளிக்குத் திரும்புவதற்கு நல்ல காரணம்.

தமிழை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழியும் உண்டு, தமிழ் இலக்கியமும் உண்டு. பாரத்தைக் குறைக்கிறோம் என்று சொல்லி முதலில் தமிழை எடுத்துவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். உங்கள் மகனுக்கு இன்று தன்னம்பிக்கையோடு செய்யக்கூடிய ஒரே பாடம் தமிழாகத்தான் இருக்கும். ஒரு பாடத்திலாவது தான் கெட்டிக்காரன் என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அது இல்லாமல் மற்ற எதையும் தூக்கி நிறுத்த முடியாது. தினமும் ஒரு பக்கம் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அப்பா லோரியில் போகும் வழி, தோட்டத்தில் பார்த்தது, எதுவானாலும் சரி.

நண்பர்களும் வேண்டும். மாலையில் திடலில் பந்து, கோவிலில் தேவார வகுப்பு, தமிழ் இளைஞர் மணிமன்றம், சிலம்பம், எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் சேருங்கள். நாள் முழுக்க அம்மாவின் தையல் மெஷின் சத்தத்தை மட்டும் கேட்டு வளர்வது 13 வயதுப் பையனுக்கு நல்லதல்ல.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். லோரி இல்லாத ஒரு நாளில் கணவரும் நீங்களும் சேர்ந்தே இலாகாவுக்குப் போங்கள், ஒருவர் மறந்ததை மற்றவர் கேட்பார். அதற்கு முன்பே பள்ளியில் வகுப்பாசிரியரையும் பள்ளி ஆலோசகரையும் சந்தித்து, பிள்ளைக்கு மொழிதான் தடையாக இருக்கிறது என்று நேரடியாகச் சொல்லுங்கள், யார் சிரிக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அன்று இரவே அவனை உட்கார வைத்து, படிவம் 1 கணித வினாத்தாளில் அவன் தவறவிட்ட ஐந்து கேள்விகளை நீங்கள் தமிழில் வாசியுங்கள், எழுதச் சொல்லாமல் வாயால் பதில் கேளுங்கள். அகராதி பார்த்து மொழிபெயர்க்க மகள் உதவி செய்வாள். ஐந்தில் எத்தனைக்குச் சரியாகச் சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள். மூன்றோ அதற்கு மேலோ வந்தால் கணிதத்துக்கு நாம் தனியாக ஒன்றுமே வாங்க வேண்டியதில்லை. அதற்குக் கீழே என்றால், எந்தக் கேள்விகள் என்பதைப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்தத் தலைப்பிலிருந்து தொடங்குவது என்று எழுதி அனுப்புகிறேன்.